எல்லா வாசலிலும் வேப்பந்தழை

1

நேற்று மத்தியானத்திலிருந்து எங்கள் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காணவில்லை.

உத்திரமேரூர்ப் பக்கம் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு, காகிதம்தானே, போனால் போகிறது என்றிருக்கும். எனக்கு அப்படி இருக்க முடியவில்லை. நாங்கள் கோலாலம்பூரை ஒட்டிய ரயில்வே குடியிருப்பில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பட்டறையில் ஃபிட்டர். போன வாரம் எங்கள் கடைக்குட்டி குமரனுக்குக் காய்ச்சல் அடித்து, முகத்திலும் மார்பிலும் கொப்புளம் எழும்பியது. டாக்டர் வந்து பார்த்து, பெரும்பாலும் சின்னம்மைதான் என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. ஏனென்றால், கொஞ்ச நாள் முன்னால் கப்பலில் வந்திறங்கிய இவருடைய சிநேகிதர் ஒருவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டு, குமரனை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போனார். அவர் வந்த கப்பலில் ஒரு ஆளுக்குப் பெரியம்மை என்று பிறகு தெரிந்தது.

கொப்புளத்துத் தண்ணீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதில் வருகிற வரைக்கும் நாங்கள் வெளியே போகக்கூடாது, ஒருவரும் உள்ளே வரக்கூடாது. அதைச் சொல்லித்தான் சுகாதார இலாகா ஆள் பசை வாளியோடு வந்து அந்தக் காகிதத்தை ஒட்டினார். சிவப்பு மை. மலாய், இங்கிலீஷ், சீனம், தமிழ் என்று நாலு பாஷையிலும் ஒரே சேதி. எங்களுக்கும் இந்த வரிசையில் இருக்கும் எல்லோருக்கும் மறுபடி அம்மை குத்தினார்கள். பக்கத்து வீட்டு மேய் லானுக்கு மட்டும் குத்தவில்லை. சீனத்துப் பெண். ஏழாம் மாசம். வயிற்றில் பிள்ளை இருப்பதால் இப்போது ஊசி வேண்டாம், இந்த வீட்டுப் பக்கம் போகாமல் இருந்தாலே போதும் என்று லேடி டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் காலையில் எங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிறவள், கதவில் தன் பாஷையில் இருந்ததைப் படித்த நாளிலிருந்து வேலியோடு நின்றுகொண்டாள்.

அந்தக் காகிதத்தைத்தான் காணோம். காற்றில் போயிருக்கும் என்று பார்த்தால், பசையோடு சுரண்டி எடுத்த நகக்கீறல் கதவில் இருந்தது.

"வசந்தா, இன்னாடி பண்ண?"

பெரியவள். இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கிறவள்; பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொள்ளும். பதினோரு வயதுக்கு என்னைவிட உயரம்.

"ஸ்கூல் பஸ் நம்ம வீட்டு முன்னாலதானேம்மா திரும்புது. எல்லாரும் ஜன்னல்ல முகத்த வச்சு இங்கயே பாக்குறாங்க லா. எனக்கு வெக்கமா இருக்கு."

"அதுக்குன்னு கிழிப்பியா?"

"காகிதம் இல்லேன்னா தம்பிக்கு நோய் கூடிடுமா? அது வெறும் பேப்பர்தானே."

நான் அடிக்கவில்லை. கை ஓங்கவே வரவில்லை. "நடுவுல யாராச்சும் உள்ள வந்தாங்களா?" என்று மட்டும் கேட்டேன். "வரல" என்றாள். சொல்லும்போது குமரனைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

அப்போதிருந்து வாசற்படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதுவதும் அங்கிருந்துதான்.

2

எங்கள் ஊர் உத்திரமேரூருக்கும் மாகறலுக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டி ஒரே தெரு. கூலி வேலைக்குப் போகிற வீடுகள். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, அம்மை குத்துகிறவர் என்று ஒருவர் சைக்கிளில் வர ஆரம்பித்தார். நெற்றி நிறைய விபூதி, தோளில் காக்கிப் பை. பைக்குள் பல் வைத்த சின்னச் சக்கரம் ஒன்று. அதைக் கையில் அழுத்தித் திருகுவார். திருகின இடம் வீங்கி, சீழ் பிடித்து, காய்ச்சல் வந்து, கடைசியில் ஒரு காசு அளவுக்குத் தழும்பு விழும். அறுப்பு நாளில் காய்ச்சல் வந்து படுத்தால் கூலி யார் கொடுப்பார்கள்? சைக்கிள் மணி கேட்டதும் பிள்ளைகள் வைக்கோற்போருக்குள்ளும் கரும்புக் கொல்லைக்குள்ளும் ஓடிவிடும்.

முனியம்மா அத்தை எங்களுக்கு எதிர்வீடு. நாலு பிள்ளை. வாய் கொஞ்சம் நீளம், சிரிப்பு அதைவிட நீளம். ஒருநாள் அவள் பிள்ளைகள் ஓடுவதற்குள் சைக்கிள் தெருவுக்குள் வந்துவிட்டது. அத்தை என்ன செய்தாள் தெரியுமா? கொல்லையில் ஒரு கொத்து வேப்பந்தழை ஒடித்து வாசல் நிலையில் செருகிவிட்டு, தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள்.

நிலையில் வேப்பந்தழை இருந்தால் அந்த வீட்டில் அம்மை வார்த்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆளோ பயபக்திக்காரர். சைக்கிளை நிறுத்தி, செருப்பை உதறி, தெருவில் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தாயி, அம்மா கீற வூட்டுக்குள்ள நான் இரும்பு எடுத்துக்கினு வர மாட்டேன். தலைக்குத் தண்ணி ஊத்தினப்புறம் சொல்லியனுப்பு."

"சொல்றேன் சாமி. நீ பத்திரமா போ. உன்னையும் ஆத்தா பாத்துக்கினுதான் கீறா."

அவர் தலை மறைந்ததும் தெருவே கைகொட்டிச் சிரித்தது. எங்கள் நைனா, "ஏம்மா முனியம்மா, ஆத்தாவையே வாச்மேன் வேலைக்கு வச்சுட்டியே, சம்பளம் இன்னா?" என்றார்.

"கூழு ஊத்தறேண்ணா. அவ பெருசா கேக்க மாட்டா."

அடுத்த தடவை மணிச்சத்தம் கேட்டபோது, தெருவில் எந்த வீட்டு நிலையும் வெறுமையாக இல்லை. எங்கள் வீட்டிலும் எங்கம்மா செருகினாள். தழை காய்ந்திருந்தால் அந்த ஆள் சந்தேகப்படுவார் என்று, வாடினதும் எடுத்துவிட்டுப் புதுசு வைக்கிறதும் பழகிவிட்டது. ஆடி மாதமும் இல்லை, கூழ் ஊற்றுகிற திருவிழாவும் இல்லை, வருஷம் பூரா அந்தத் தெரு பச்சைத் தழையோடு நின்றது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் தெருமுனையிலேயே திகைத்து நின்றுவிடுவார்கள். அதைப் பார்த்தும் நாங்கள் சிரித்தோம்.

3

இங்கே அடைபட்டிருப்பதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அரிசி, பால், காய் எல்லாம் அலுவலக ஆள் கொண்டுவந்து கேட்டில் வைத்துவிட்டு மணியடிப்பார். நாங்கள் கொடுக்கிற பாத்திரத்தை அவர் தொடமாட்டார். துணிகளைக் கொதிக்கும் தண்ணீரில் மருந்து ஊற்றி அலச வேண்டும். அந்த மருந்து வாசனையில் சோறே இறங்கமாட்டேன் என்கிறது.

முதல் நாள் வந்த அதிகாரி மலாயில் கேட்டதை நான் பாதிதான் புரிந்துகொண்டேன். வீட்டில் எத்தனை பேர் தூங்குகிறீர்கள் என்று அவர் கேட்க, எத்தனை அறை என்று நினைத்து இரண்டு என்றேன். அவர் குமரனையும் என்னையும் எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் இரண்டு பேருக்குத்தான் சாமான் வந்தது. வசந்தாதான் கேட்டுக்குப் போய் கடகடவென்று பேசிச் சரிசெய்தாள். பேசிவிட்டு என்னிடம் திரும்பி, "நீங்க பேசாம இருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள். ஊரில் பிள்ளை இப்படிப் பேசினால் வாயில் சுண்டுவார்கள். நான் தலையாட்டினேன். அவள் சரியாகத்தானே பேசினாள்.

இவர் எதையும் பெரிசாக எடுத்துக்கொள்ளாத மனுஷர். "சின்னதாதான் கீதும்மே. நீ பேஜார் பண்ணிக்கினு உக்காராத" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். நேற்றும் நான் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தபோது அவர் தூக்கம்தான். அந்த நேரத்தில்தான் கதவு வெறுமையாக இருந்திருக்கிறது.

இந்த ஊர் ஜனங்கள் காகிதத்தை நம்புகிறார்கள். ஒட்டினால் நிற்கிறார்கள், எடுத்தால் வருகிறார்கள். காகிதத்தை எடுத்தது அதிகாரியா, பதினோரு வயதுப் பெண்ணா என்று யார் வந்து விசாரிப்பார்கள்? ஊரில் நாங்களும் தழையை அப்படித்தான் நம்பியிருந்தோம், அதை விளையாட்டாக்குகிற வரைக்கும்.

4

அந்த வருஷம் தை கழிந்ததும், சுற்று வட்டாரத்தில் நிஜமாகவே பரவ ஆரம்பித்தது. தண்டோரா போட்டார்கள். சந்தை கூடாது, கூத்து கூடாது, கல்யாணம் தள்ளிப்போடு. கிணற்றில் வெள்ளைப் பொடி கொட்டினார்கள். பஸ் எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்காமல் போனது. கண்டக்டர் ஜன்னல் சட்டரை இறக்கிவிடுவதை நாங்கள் ரோட்டோரம் நின்று பார்ப்போம். பள்ளிக்கூடத்தையும் மூடினார்கள். மறுபடி திறந்தபோது என்னை அனுப்பவில்லை. என் படிப்பு அவ்வளவுதான்.

எங்கள் கன்னியம்மா அக்காவை வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. மாமா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். தலைப்பிரசவத்துக்காக அக்கா ஏழாம் மாசத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மில் பக்கம் சீக்கு அதிகம், தாய்வீடுதான் பத்திரம் என்று மாமாவே கொண்டுவந்து விட்டார்.

பிள்ளைத்தாய்ச்சி ஆசைகள் தெரியும்தானே. அக்காவுக்கு முனியம்மா அத்தை வைக்கிற கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். அன்றைக்குக் காலையில் அத்தை வீட்டு நிலையில் புதுத்தழை இருந்தது. எங்கள் நிலையிலும் புதுசுதான். அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். எங்கம்மா பார்த்துக்கொண்டே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தடுக்க என்ன இருந்தது?

அம்மை வார்த்த வீட்டில் எண்ணெய் வைத்துத் தாளிக்கமாட்டார்கள், மீன் சேர்க்கமாட்டார்கள். அன்று அந்த வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனையே வரவில்லை. இல்லாத வாசனையை யார் கவனிக்கிறார்கள்?

அக்கா உள்ளே போனபோது, அத்தையின் கடைசிப் பிள்ளை பாயில் கிடந்தது. பக்கத்தில் வேப்பிலை. அக்கா கிண்ணத்தை வைத்துவிட்டு, பிள்ளையின் நெற்றியைத் தொட்டு, "இன்னாத்தே, புள்ளைக்கு ஜொரமா?" என்று கேட்டிருக்கிறாள்.

அத்தை வாயைத் திறக்கவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாயால் சொல்லக்கூடாது, வராதே என்று ஒருத்தரைத் திருப்பி அனுப்பவும் கூடாது. ஆத்தாவுக்குக் கோபம் வந்துவிடும். தழைதான் சொல்ல வேண்டும். அத்தனை நாள் பொய்த்தழை செருகினவள், நிஜமாக வந்தபோது பயந்துபோய் எல்லா முறையையும் ஒன்றுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்து, நிலையில் இருந்த தழையைக் காட்டினாள். அக்கா சிரித்தாள்.

"தெரியும் அத்தே. எங்க வூட்லயும் கீது."

அத்தை அழுத பிறகுதான் அக்காவுக்குப் புரிந்தது.

5

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அக்கா முதுகு வலி என்றாள். பிறகு காய்ச்சல். எங்கம்மா வாடின தழையை எடுத்துவிட்டுப் புதுத்தழை செருகினாள். இந்தத் தடவை அது நிஜத்தழை. தெருவில் யாருக்கும் அது தெரியவில்லை. எப்படித் தெரியும்?

அதற்குள் ஊருக்குள் வரவும் போகவும் தடை வந்துவிட்டது. ஏரிக்கரைத் திருப்பத்தில் தலையாரி கோலோடு உட்கார்ந்திருந்தார். எப்படியோ சேதி கேட்டு மாமா வாலாஜாபாத்திலிருந்து நடந்தே வந்துவிட்டார். தலையாரி விடவில்லை. மாமா கரைமேல் நின்று கத்துவார்.

"மாமா! கன்னிம்மா எப்டி கீறா?"

தெருக் கடைசியில் நின்று நைனா பதில் கத்துவார். "கீறாப்பா! நீ போய்ட்டு வா!"

"கஞ்சி குடிச்சாளா?"

"குடிச்சா! குடிச்சா!"

அக்கா அன்றைக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தலையாரி மாமாவைப் பார்த்து, "மில்லுல மூட்டை தூக்கறவன் தொண்டையா இது, மாடெல்லாம் மெரளுது" என்று சிரிக்கவைக்கப் பார்த்தாராம். மாமா தினமும் வந்தார். அதே கேள்வி, அதே பதில்.

ஒரு காலையில் அக்கா போய்விட்டாள். பிள்ளை வயிற்றோடு.

அம்மையில் போனால் அழக்கூடாது. ஆத்தா அழைத்துக்கொண்டாள் என்று அர்த்தம். ஒப்பாரி இல்லை, மேளம் இல்லை. எங்கம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் அடுத்த ஊருக்குக் கேட்கும். அன்றைக்குக் கோழி கிளறுகிற சத்தம்கூடக் கேட்டது.

வழக்கமான நேரத்துக்கு மாமா கரைமேல் வந்து கத்தினார். "மாமா! எப்டி கீறா?"

நைனா தெருக் கடைசிக்குப் போய் நின்றார். மாமா இன்னொரு தடவை கத்தினார். "கஞ்சி குடிச்சாளா?" நைனா அப்படியே நின்றார். மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அதை என்ன செய்வது என்று தெரியாதவர் மாதிரி கையில் வைத்துக்கொண்டு, கரையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். தலையாரி எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

6

முனியம்மா அத்தையின் பிள்ளை பிழைத்தது, ஒரு கண் போய். அம்மை குத்துகிறவர் இன்னும் இரண்டு பேரோடு திரும்பி வந்தபோது, மற்ற மூன்று பிள்ளைகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதலில் போய் நின்றது அவள்தான். என்னையும் அவள்தான் இழுத்துப் போனாள். கப்பலேற சென்னைத் துறைமுகத்தில் நின்றபோது, அம்மை குத்தினதற்கான மஞ்சள் சீட்டைப் பார்த்த டாக்டர் என் கையைத் திருப்பி அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்து, பழைய குத்து நன்றாக எழும்பியிருக்கிறது என்றார்.

ஆனால் நான் சொல்லவந்தது வேறு. அதற்கப்புறம் அத்தை தன் நிலையில் தழையே செருகவில்லை. அடுத்த வருஷம் அவள் மாமியாருக்கு அம்மை கண்டபோது, வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். தெருவில் யார் தலை தெரிந்தாலும் கத்துவாள்.

"யம்மா, வராதீங்க! எங்க வூட்ல அம்மா கீறா! கேட்டுக்கினியா? நிஜமா கீறா!"

வாயால் சொல்கிறாளே பாவி என்று ஊரே ஏசியது. ஆத்தா நாக்கை அறுப்பாள் என்றார்கள்.

"அறுத்துக்கட்டும். அதுவரிக்கும் கத்தறேன்" என்றாள். காலையிலிருந்து வெளிச்சம் மங்குகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அந்தத் தடவை தெருவில் இன்னொரு வீட்டுக்கு அது போகவில்லை. நான் அவளோடு பேசவில்லை அப்போது. எங்கள் வீட்டில் யாருமே பேசவில்லை. இப்போது அவளைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

7

இன்று காலை குமரனின் கட்டிலுக்கடியில் பெருக்கும்போது ஆரஞ்சுத் தோல் வந்தது. எங்களுக்கு வந்த சாமானில் ஆரஞ்சு இல்லை.

வசந்தாவைக் கூப்பிட்டேன். தோலைக் கையில் காட்டினேன். கேட்கக்கூட இல்லை, அழ ஆரம்பித்துவிட்டாள்.

"மேய் லான் ஆன்ட்டி அவங்களாத்தான் வந்தாங்கம்மா. பேப்பர் எடுத்துட்டாங்க, தம்பிக்கு நல்லாயிடுச்சின்னு சந்தோஷமா வந்தாங்க. நான் என்னான்னு சொல்றது? நான்தான் கிழிச்சேன்னு எப்படிச் சொல்றது?"

"எவ்ளோ நேரம் இருந்தா?"

"கொஞ்ச நேரந்தான். கட்டில்ல உக்காந்து சுளை உரிச்சு அவன் வாயில வச்சாங்க. மூஞ்சிய தடவிக் குடுத்தாங்க."

இவரை எழுப்பினேன். தோலைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். "சின்னதாதான் கீது" என்று இந்த முறை சொல்லவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு, சாமான் கொண்டுவருகிற ஆள் வந்தால் சொல்வதற்காகக் கேட்டில் போய் நின்றுகொண்டார். வசந்தா தானாகவே நோட்டுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள். இங்கிலீஷிலும் மலாயிலும். சீனம் அவளுக்கும் தெரியாது. இனிமேல் எதை ஒட்டினாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. வாசற்படிக்கே திரும்பி வந்துவிட்டேன்.

பத்து மணி வாக்கில் மேய் லான் தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் இரண்டு ஆரஞ்சோடு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வேலியில் இருக்கிற சின்னத் திட்டி வாசலுக்கு நேராக நடந்தாள்.

"சாக்கிட் ஹபிஸ்?" என்று கேட்டாள். நோய் முடிந்ததா என்கிறாள்.

நான் எழுந்து நின்று கத்தினேன். எந்தப் பாஷையில் கத்தினேன் என்று தெரியவில்லை. வராதே, வராதே என்று எங்கள் தெருப் பேச்சிலேயே கத்தியிருப்பேன் போலிருக்கிறது. எதிர்வரிசையில் ஜன்னல்கள் திறந்தன. வசந்தா உள்ளேயிருந்து ஓடிவந்து மலாயில் சொன்னாள். முடியவில்லை, முடியவே இல்லை, காகிதத்தை நான்தான் கிழித்தேன் என்று அத்தனை பேர் கேட்கச் சொன்னாள்.

மேய் லான் அங்கேயே நின்றுவிட்டாள். முதலில் கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அவள் வயிற்றைக் காட்டி, கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். அவள் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாகக் கழன்றது. ஆரஞ்சு இரண்டும் புல்லில் விழுந்து உருண்டன. பயந்தவர்கள் செய்கிறமாதிரி அவளும் கையை உயர்த்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நேற்று குமரனின் முகத்தைத் தடவிக்கொடுத்த கை.